ராங்க்லர் முன் ஆக்சில்: பால் ஜாயிண்ட் போய்விட்டதா, வேறு ஏதாவதா?

பதிவு 1
லிம்சூகாங்_ராங்க்லர் · திங்கள் இரவு 10.12

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே.

என்னுடையது 2012ல் பதிவான ஜீப் ராங்க்லர் ஜேகே, நான்கு கதவு. 2022ல் சிஓஇ-யை, அதாவது சிங்கப்பூரில் வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழை, பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தேன். ஆகவே இந்த வண்டியோடுதான் இன்னும் பல வருடம் என்று முடிவு செய்தாகிவிட்டது. ஆண்டுக்கு நான்கைந்து முறை ஜொகூர் செம்பனைத் தோட்டப் பாதைகளுக்குப் போவேன். கனமான மட் டெரைன் டயர் போட்டிருக்கிறேன்.

ஒரு மாதமாகப் பிரச்சினை. பிஐஇ விரைவுச்சாலையில் துவாஸ் பக்கம் போகும்போது, மேம்பாலத்தில் தளம் சேரும் அந்த இரும்பு விளிம்பில் முன்சக்கரம் ஏறி இறங்கினால் ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஆடுகிறது. வேகம் 80 இருக்கும். 50க்குக் குறைத்தால்தான் அடங்குகிறது. போன வாரம் பின்சீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள், இரண்டு பேரும் அழுதுவிட்டார்கள். அதோடு, எங்கள் புளோக் பலமாடிக் கார்ப்பேட்டையில் முழுதாகத் திருப்பி ஏறும்போது முன் இடதுபக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். இடது டயரின் உள்விளிம்பும் தேய்ந்திருக்கிறது.

ஒரு வொர்க்‌ஷாப்பில் ஸ்டீயரிங் டேம்பரை மாற்றினார்கள். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, பிறகு அதே கதை. திரும்பப் போனால் நான்கு பால் ஜாயிண்ட் (சக்கரம் திரும்ப உதவும் பந்து மூட்டு), இரண்டு ஹப் பேரிங் (சக்கரம் சுழலும் பேரிங்), டை ராட் (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) முழுதும் மாற்ற வேண்டும் என்று பட்டியல் தந்தார்கள். எது கெட்டிருக்கிறது என்று காட்டச் சொன்னேன். "பழைய வண்டி, எல்லாவற்றையும் மாற்றினால் நிம்மதி" என்றார்கள். ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கோத்தா திங்கி பக்கம் போகத் திட்டம். என்ன செய்யட்டும்?

பதிவு 2
ஈசூன்_ஹைலக்ஸ் · திங்கள் இரவு 10.47

தம்பி, பிள்ளைகளோடு போகிற வண்டி. யோசிக்காமல் நான்கையும் மாற்றிவிடு. என் பிக்கப்பில் கீழ்ப் பால் ஜாயிண்ட் தேய்ந்திருந்ததைத் தள்ளிப் போட்டேன். ஒருநாள் சுங்கை காடுட் சந்திப்பில் திரும்பும்போது நக்கிளை (சக்கரத்தைச் சுமக்கும் பாகத்தை) விட்டுக் கழன்று சக்கரம் மடங்கிப் படுத்துவிட்டது. வேகம் இருபதுகூட இல்லை, அதனால் நான் இன்று இதை எழுதுகிறேன்.

பதிவு 3
காக்கிபுக்கிட்_ஸ்பேனர் · செவ்வாய் காலை 6.20

முப்பது வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். ஈசூன் சொல்வதில் உள்ள பயம் நியாயமானது. ஆனால் எது கெட்டது என்று பார்க்காமல் மாற்றினால் கெட்டது அங்கேயே இருந்துவிடும், பணம் மட்டும் போகும். தம்பிக்கு டேம்பரில் நடந்தது அதுதான்.

ஸ்டீயரிங் டேம்பர் நடுக்கத்தை அமுக்கி வைக்கும். நடுக்கத்தைக் கிளப்பும் ஆட்டத்தை அது எடுக்காது. புதிய டேம்பரில் இரண்டு வாரம் அடங்கி மறுபடி வந்தது என்றால், கீழே ஏதோ ஒன்று தளர்ந்து கிடக்கிறது என்றுதான் பொருள்.

உங்கள் முன் ஆக்சில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே தண்டு. இரு முனையிலும் ஆங்கில 'சி' எழுத்துபோல ஒரு பிடி இருக்கும். அதன் மேல்காதில் ஒரு பால் ஜாயிண்ட், கீழ்க்காதில் ஒன்று. சக்கரத்தைச் சுமக்கும் நக்கிள் இந்த இரண்டையும் கீலாகக் கொண்டுதான் திரும்புகிறது. எடையைப் பெரும்பாலும் தாங்குவது கீழே இருப்பது.

இப்போது சோதனை. சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரத்துக்கு அடை கொடுத்து, ஆக்சில் குழாய்க்குக் கீழே ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். டயர் தரையிலிருந்து இரண்டு விரல் உயரம் எழும்பினால் போதும். ஜாக் ஸ்டாண்டு கட்டாயம் வைக்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடவே கூடாது. டயருக்கு அடியில் ஒரு கடப்பாரையை விட்டு ஒருவர் மெதுவாக நெம்பட்டும். இன்னொருவர் 'சி' பிடிக்கும் நக்கிளுக்கும் நடுவே விரலை வைத்துப் பார்க்கட்டும். கீழ் ஜாயிண்ட் தேய்ந்திருந்தால் நக்கிள் மேலே எழும்பி இறங்குவது விரலில் தட்டும்.

அப்புறம் டயரைக் கடிகாரத்தின் 12, 6 இடங்களில் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் போய்விட்டால் அது ஹப் பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் பால் ஜாயிண்ட். இந்த ஒரு சோதனையைச் செய்யாததால் எத்தனை நல்ல பேரிங்குகள் குப்பைக்குப் போயிருக்கின்றன என்று எனக்குத் தெரியும், வருத்தமாக இருக்கிறது. 3, 9 இடங்களில் பிடித்து ஆட்டும்போது தெரிவது டை ராட் முனைகளும் டிராக் லிங்க்கும் (ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு; டிராக் பார் வேறு).

கடைசியாக, வண்டியை இறக்கிவிட்டு, சக்கரம் தரையில் இருக்க, இன்ஜின் ஓட, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக வெட்டட்டும். நீங்கள் கீழே குனிந்து டிராக் பாரின் இரு முனையையும் பாருங்கள். ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருப்பது அந்தத் தண்டுதான். போல்ட் துளைக்குள் நகர்கிறதா, ரப்பர் புஷ் பிதுங்குகிறதா என்று கவனியுங்கள். நீங்கள் சொல்லும் வெறிபிடித்த நடுக்கத்துக்கு என் முதல் சந்தேகம் டிராக் பார்மேல்தான். பால் ஜாயிண்ட் அதற்குத் துணை போயிருக்கலாம். 'டொக்' சத்தமும் டயர் தேய்மானமும் தனிக் கேள்வி.

பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். அதுவரை பாகம் எதுவும் வாங்காதீர்கள்.

பதிவு 4
லிம்சூகாங்_ராங்க்லர் · செவ்வாய் காலை 8.05

அண்ணே, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. புளோக்குக்குக் கீழே இதைச் செய்ய முடியாது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்ப்பேட்டையில் வண்டியைப் பிரித்துப் போட அனுமதி இல்லை. உபியில் ஒரு நண்பரின் இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

பதிவு 5
மலர்_ஜிம்னி · செவ்வாய் மாலை 7.33

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் ஜேபி74 ஜிம்னியிலும் 70ஐத் தாண்டினால் லேசாக ஸ்டீயரிங் உதறுகிறது. முன் பால் ஜாயிண்ட் நான்கையும் மாற்ற வேண்டும் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். அண்ணன் சொன்ன சோதனை எனக்கும் பொருந்துமா?

பதிவு 6
காக்கிபுக்கிட்_ஸ்பேனர் · செவ்வாய் இரவு 9.15

தங்கச்சி, ஜிம்னியின் நக்கிளில் பால் ஜாயிண்ட் கிடையாது. மேலும் கீழும் கிங்பின் (நக்கிள் திரும்பும் முளை), அதில் பேரிங். பழைய லேண்ட் குரூசர் 70, 80 வண்டிகளிலும் இந்த வழிதான், பேரிங்மேல் திரும்பும் நக்கிள். ஜிம்னியில் பந்து மூட்டு இருப்பது டை ராட், டிராக் லிங்க் முனைகளில் மட்டும். நக்கிளில் இல்லாத பாகத்தை மாற்றச் சொன்னவரிடம் வண்டியை விட வேண்டாம்.

12, 6 பிடித்து ஆட்டும் சோதனை உங்களுக்கும் பொருந்தும். பிரேக் பிடித்தும் ஆடினால் உங்கள் வண்டியில் அது கிங்பின் பேரிங். அதற்கு முன்னால் டயர் பேலன்ஸைச் சரிபாருங்கள். ரிம்முக்கு உள்பக்கம் காய்ந்த சேறு ஒட்டியிருந்தாலே உங்கள் வண்டி உதறும்.

பதிவு 7
மலர்_ஜிம்னி · செவ்வாய் இரவு 9.40

உள்பக்கம் சேறு இருக்கிறது அண்ணே. இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு கைப்பிடி தேறும். கழுவிவிட்டு எழுதுகிறேன்.

பதிவு 8
லிம்சூகாங்_ராங்க்லர் · ஞாயிறு மாலை 5.50

பார்த்தாகிவிட்டது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இடது கீழ் ஜாயிண்ட்: கடப்பாரையை நெம்பியதும் நக்கிள் எழும்பியது. நண்பர் நெம்ப, நான் விரல் வைத்தேன். விரலே தேவைப்படவில்லை, கண்ணுக்கே தெரிந்தது, இரண்டு மி.மீ.-க்குக் குறையாது. ரப்பர் உறை, அதாவது பூட், பின்பக்கமாகக் கிழிந்திருக்கிறது. முன்னால் நின்று பார்த்தால் நன்றாக இருப்பதுபோலவே தெரியும். கீழே படுத்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் கட்டைவிரல் நகம் அளவுக்கு வாய் பிளந்திருந்தது தெரிந்தது. அதற்குள் செம்மண் காய்ந்து கட்டியாக உட்கார்ந்திருக்கிறது.

இடது மேல் ஜாயிண்ட்: 12, 6 ஆட்டத்தில் லேசான அசைவு. பிரேக் பிடித்தும் போகவில்லை.

வலப்பக்கம்: இரண்டிலும் ஆட்டம் இல்லை. மேல் பூட்டில் மட்டும் வெடிப்பு.

ஹப் பேரிங் இரண்டும் நல்ல நிலையில். சுழற்றினால் சத்தமில்லை.

டிராக் பார்: என் மனைவி ஸ்டீயரிங்கை ஆட்ட, நான் கீழே பார்த்தேன். ஆக்சில் பக்கத்து போல்ட் துளைக்குள் இடமும் வலமும் நகர்கிறது. போல்ட் தலையைச் சுற்றிப் பளபளவென்று ஒரு வளையம் தேய்ந்திருக்கிறது. ஸ்பேனர் அண்ணன் சொன்னது அப்படியே.

ஆக, தேவைப்படாத இரண்டு ஹப் பேரிங்குக்கும் டை ராட்டுக்கும் பணம் கட்டப் பார்த்தேன். உண்மையில் ஆடிய டிராக் பார் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

பதிவு 9
காக்கிபுக்கிட்_ஸ்பேனர் · ஞாயிறு இரவு 8.30

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். அந்தத் துளை முட்டை வடிவத்துக்குப் போயிருந்தால் போல்ட்டை இறுக்கிப் பயனில்லை, பிராக்கெட்டுக்குத் தடித்த வாஷர் தட்டு வைத்து வெல்டு செய்ய வேண்டும். துளை வட்டமாகவே இருந்தால் புதிய போல்ட், புதிய புஷ் போதும். வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போதுதான் அந்த போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். தூக்கி வைத்து இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் கிழியும்.

பால் ஜாயிண்ட் நான்கையும் மாற்றுங்கள். வலப்பக்கம் ஆட்டம் இல்லைதான். ஆனால் பூட் வெடித்தாகிவிட்டது, உங்கள் பாதையோ செம்மண் சேறு. ஓர் ஆறு கடந்தால் தண்ணீர் உள்ளே போகும், அதன்பின் அந்த ஜாயிண்ட்டுக்கு ஆயுள் எண்ணப்படுகிறது. உள்ளே இருக்கும் பந்து கண்ணாடிபோல மெருகேற்றியது. செம்மண்ணில் இருக்கும் நுண்மணல் கிரீஸோடு கலந்தால் சாணைக்கல்லும் அதுவும் ஒன்றுதான்.

பதிவு 10
துவாஸ்_டீசல் · ஞாயிறு இரவு 9.02

எந்தப் பாகம் போடப் போகிறீர்கள்? தொழிற்சாலையில் வந்தது உள்ளே பிளாஸ்டிக் படுகை வைத்து மூடி அடைத்தது, கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் முனை) இருக்காது. இவ்வளவு கனமான டயருக்கு அது தாங்காது. இரும்போடு இரும்பு உரசும் கனரக வகை, கிரீஸ் அடிக்கக்கூடியதாக வாங்குங்கள்.

பதிவு 11
ஈசூன்_ஹைலக்ஸ் · ஞாயிறு இரவு 9.30

நான் மறுக்கிறேன். கிரீஸ் அடிக்கிறவருக்கு அது நல்ல பாகம். அடிக்காதவருக்கு அதைவிடக் கெட்டது இல்லை. பிளாஸ்டிக் படுகை தானே வழுக்கிக்கொள்ளும், இரும்பு அப்படி இல்லை. கிரீஸ் வறண்டால் சில மாதத்தில் கிறீச்சிடத் தொடங்கி, ஸ்டீயரிங் நடுவுக்குத் திரும்ப மறுக்கும். நம் ஊரில் யார் வீட்டில் கிரீஸ் கன் இருக்கிறது? வண்டியை எங்கே தூக்கிப் பார்ப்பது? அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் ஓடுகிற வண்டி என்றால் மூடி அடைத்த நல்ல தரமான பாகத்தையே போடுங்கள்.

பதிவு 12
துவாஸ்_டீசல் · ஞாயிறு இரவு 9.51

அவர் ஆண்டுக்கு நான்கைந்து முறை தண்ணீரில் இறங்குகிறார், ஈசூன் அண்ணே. மூடி அடைத்ததில் தண்ணீர் ஒருமுறை புகுந்தால் வெளியே தள்ள வழியே இல்லை. நிப்பிள் இருந்தால் புதுக் கிரீஸ் பழையதையும் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு வரும். நான் சொல்வது அவ்வளவுதான்.

பதிவு 13
காக்கிபுக்கிட்_ஸ்பேனர் · திங்கள் காலை 6.10

இருவர் சொல்வதும் அவரவர் வண்டிக்குச் சரி. தம்பி கிரீஸ் அடிப்பேன் என்று உறுதி தந்தால் நிப்பிள் வைத்தது. இல்லையென்றால் அடைத்தது. ஒரு எச்சரிக்கை: சில கனரக வகைகளில் மேல் ஜாயிண்ட்டின் தண்டு மேலும் கீழும் சிறிது நகரும்படியே செய்திருப்பார்கள். அதைத் தேய்மானம் என்று எண்ணி மறுபடி கழற்றிவிடாதீர்கள், பெட்டியில் வரும் தாளைப் படியுங்கள். பெயர் தெரியாத மலிவுப் பெட்டியை மட்டும் வேண்டாம். இங்கே மிச்சம் பிடிக்கிற காசு பிள்ளைகளின் உயிரோடு விளையாடுகிற காசு.

ஈசூன் வண்டியில் நடந்ததைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள சில வண்டிகளில் கீழ்ப் பால் ஜாயிண்ட்டை எடை இழுத்துக்கொண்டே இருக்கும், அழுத்தாது. தேய்மானம் முற்றினால் பந்து கிண்ணத்தைவிட்டு வெளியே வந்து சக்கரம் மடங்கிவிடும். 2005ல் டொயோட்டா அமெரிக்காவில் டகோமா, டண்ட்ரா, சிகோயா, ஃபோர்ரன்னர் வண்டிகளைத் திரும்ப அழைத்ததும் கீழ்ப் பால் ஜாயிண்ட்டுக்காகத்தான். அந்த வகை வண்டியில் சோதிக்கும் முறையும் வேறு. ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்கார்ந்திருந்தால், ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், ஜாயிண்ட்டுக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாக வைத்துத் தூக்க வேண்டும். சேசிஸில் வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளி, ஜாயிண்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். செத்துப்போன ஜாயிண்ட்கூட நல்லதுபோலத் தெரியும்.

பதிவு 14
ஈசூன்_ஹைலக்ஸ் · திங்கள் காலை 7.25

இது எனக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். என் வண்டியைச் சேசிஸில் தூக்கித்தான் பார்த்தார்கள், "பரவாயில்லை, ஓட்டலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். என்னுடையது பத்து வயது தாண்டிய சரக்கு வாகனம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை. அதில் தேறியும் இருந்தது. சோதனை நிலையத்தில் தேறிய அன்றைக்கு வண்டி நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த வாரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அந்தச் சான்றிதழ் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காது.

பதிவு 15
லிம்சூகாங்_ராங்க்லர் · ஞாயிறு இரவு 9.20

மாற்றியாகிவிட்டது! நிப்பிள் வைத்த கனரக வகைதான் போட்டேன். கிரீஸ் கன்னும் வாங்கிவிட்டேன். ஸ்பேனர் அண்ணன் தாமே வந்து காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை கூடவே நின்றார். அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. செய்ததை எழுதிவைக்கிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

இடப்பக்கம் முதலில். பிரேக் காலிப்பரைக் கழற்றி ஸ்பிரிங்கில் கம்பி போட்டுத் தொங்கவிட்டோம், பிரேக் ஹோஸில் தொங்க விடவில்லை. டிஸ்க் வந்தது. ஏபிஎஸ் ஒயரைக் கிளிப்பிலிருந்து எடுத்து ஓரமாகக் கட்டினோம். ஆக்சில் நட்டுக்கு 36 மி.மீ. சாக்கெட். அப்புறம் ஹப்பைப் பிடித்திருக்கும் மூன்று போல்ட். போல்ட் வந்தது, ஹப் வரவில்லை. பதின்மூன்று வருடத் துரு. அண்ணன் துரு எண்ணெய் தெளித்துவிட்டு, "போய் ஆளுக்கு ஒரு கோப்பி வாங்கி வா" என்றார். வந்தபின் மூன்று போல்ட்டையும் பாதிவரை திருகி, அவற்றின் தலையில் மாறி மாறித் தட்ட, ஹப் முடியளவு முடியளவாக வெளியே வந்தது. ஆக்சில் தண்டை உருவும்போது உள்ளே இருக்கும் ஆயில் சீலில் பல்சக்கர முனை உரசாமல் கையால் ஏந்திக்கொண்டு நேராக எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் டிஃபரன்ஷியல் ஆயில் ஒழுகும்.

நக்கிளைக் கழற்றியது எனக்குப் பெரிய பாடம். காட்டர் பின்னை (நட்டு கழலாமல் தடுக்கும் கம்பியை) எடுத்து, மேல் கீழ் நட்டுகளை முழுதும் கழற்றாமல் இரண்டு மூன்று மரை மிச்சம் வைத்தார். பிக்கிள் ஃபோர்க் (ஆப்புபோல அடித்துப் பிரிக்கும் கவை) போடலாமா என்று கேட்டேன். "பழைய ஜாயிண்ட் என்றால் போடலாம், ஆனால் டை ராட் முனையில் போட்டால் நல்ல பூட் கிழியும். பழக்கமே வேண்டாம்" என்றார். இரண்டு சுத்தியலை எடுத்தார். ஒன்றை நக்கிள் காதின் ஒருபக்கம் முட்டுக்கொடுத்து, மறுபக்கம் மற்றதால் ஓங்கி ஒரே அடி. மூன்றாவது அடியில் 'டங்' என்று ஜாயிண்ட் தண்டின் கூம்பு முனை நக்கிளைவிட்டு விட்டது. நட்டு மிச்சம் இருந்ததால் நக்கிள் காலில் விழவில்லை.

பழைய ஜாயிண்ட்டை அழுத்தி எடுக்க சி-பிரஸ். சுத்தியலால் அடித்து இறக்கவே கூடாது என்று அண்ணன் பிடிவாதமாக இருந்தார். அடித்தால் துளை விரியும், புதியது இறுக்கமாக உட்காராது. ஜாயிண்ட்டின் விளிம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும், விளிம்புக்கு எதிர்ப்பக்கத்திலிருந்துதான் தள்ள வேண்டும். நீண்ட கைப்பிடி போட்டு இழுக்க, 'படார்' என்று துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். நான் பின்னால் குதித்துவிட்டேன். அது நல்ல சத்தமாம், துரு விட்டுவிட்டது என்று அர்த்தம்.

வெளியே வந்த கீழ் ஜாயிண்ட்டைக் கையில் வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தேன். கிரீஸ் வரவில்லை. டீத்தண்ணிபோலச் சிவப்பு நீர் சொட்டியது. தண்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினால் கிலுகிலுப்பைபோல ஆடியது. இதன்மேல்தான் என் பிள்ளைகளை உட்கார வைத்து நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

துளையை எமரித்தாளால் துருப் போகத் தேய்த்துத் துடைத்தோம். புதிய ஜாயிண்ட்டை முந்தின இரவே ஃபிரீசரில் வைத்திருந்தேன், சுருங்கி உள்ளே போக வசதி. பிரஸ்ஸை மாட்டிக் கால் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, நான்கு பக்கமும் ஜாயிண்ட் நேராக இறங்குகிறதா என்று பார்த்தோம். ஒருமுறை சாய்ந்தது. உடனே வெளியே எடுத்து மறுபடி தொடங்கினார். விளிம்பு முழுச்சுற்றும் பிடியில் ஒட்டி உட்காரும்வரை விடவில்லை. காகிதம்கூட நுழையக் கூடாது என்று ஒரு தாளைக் கிழித்துச் செருகிப் பார்த்தார்.

நக்கிளை ஏற்றிக் கீழ் நட்டை முதலில், பிறகு மேல் நட்டு, இரண்டும் டார்க் ரென்ச்சில், அந்தப் பாகத்தோடு வந்த தாளில் போட்டிருந்த அளவுக்கு. காட்டர் பின் துளை நேர் வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் துளையைச் சேர்க்க வேண்டும், தளர்த்தக் கூடாது. புதிய காட்டர் பின். எல்லாம் முடிந்து ஒவ்வொரு நட்டிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தோம், நகர்ந்தால் தெரியும்.

வலப்பக்கம் பாதி நேரத்தில் முடிந்தது.

டிராக் பார் துளை வட்டமாகவே இருந்தது, புதிய போல்ட்டும் புஷ்ஷும் போட்டோம்.

பதிவு 16
மலர்_ஜிம்னி · திங்கள் காலை 8.44

படிக்கும்போது கூடவே நின்றதுபோல இருந்தது. என் நல்ல செய்தியும்: சேற்றைக் கழுவி, பேலன்ஸ் செய்ததும் உதறல் முக்கால்வாசி போய்விட்டது. மீதிக்கு கிங்பின் பேரிங்கைப் பார்க்கச் சொல்லப் போகிறேன். அலைன்மென்ட் செய்தீர்களா?

பதிவு 17
லிம்சூகாங்_ராங்க்லர் · செவ்வாய் இரவு 10.01

இன்று செய்தேன். இந்த ஆக்சிலில் சாதாரணமாகத் திருத்த முடிவது டோ (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான். மற்ற சாய்வுக் கோணங்களான கேம்பரும் காஸ்டரும் அளந்து காட்டினார்கள், எல்லைக்குள் இருக்கின்றன, ஆக்சில் வளையவில்லை என்று மனசு நிம்மதியானது. ஸ்டீயரிங் சக்கரம் நடுவில் நிற்கும்படி டிராக் லிங்க்கில் சரிசெய்யச் சொன்னேன். கோணலாக நின்றால் வண்டி திரும்புகிறது என்று நினைத்து வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் இஎஸ்பி தானாகப் பிரேக் பிடிக்கத் தொடங்கும்.

அதே பிஐஇ மேம்பாலத்தில் அதே வேகத்தில் போனேன். 'தட்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கை ஆடவில்லை. வொர்க்‌ஷாப்பில் மாற்றிய அதே டேம்பரையே விட்டு வைத்திருக்கிறேன்.

கிரீஸ் எப்போது அடிக்க வேண்டும் அண்ணே? எவ்வளவு?

பதிவு 18
காக்கிபுக்கிட்_ஸ்பேனர் · புதன் காலை 6.05

தண்ணீரில் இறங்கி வந்த ஒவ்வொரு முறையும் அடியுங்கள், அதே வாரத்துக்குள். இறங்காவிட்டாலும் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் அடியுங்கள். முதலில் நிப்பிளைத் துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் தலையில் இருக்கும் சேற்றை நீங்களே உள்ளே தள்ளுவீர்கள். மெதுவாக ஒவ்வொரு அழுத்தாக, பூட் லேசாக உப்பும்போது நிறுத்துங்கள். பூட்டின் விளிம்பு வழியாகப் பழைய கிரீஸ் வெளியேறும் வகை என்றால், புதிய நிறம் தெரியும்வரை தள்ளலாம். பலூன்போல ஊதினால் பூட் கிழியும், எல்லா வேலையும் வீண். தண்ணீர் தாங்கும் லித்தியம் காம்ப்ளெக்ஸ் இரண்டாம் எண் கிரீஸ் போதும். பெட்டியோடு வந்த தாளில் வேறு சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள். இரண்டு வகைக் கிரீஸை மட்டும் கலக்காதீர்கள், சில ஒன்றோடொன்று சேராமல் நீர்த்துப் போகும்.

வண்டி கழுவும்போது உயர் அழுத்தக் குழாயை பூட்டுக்கு நேரே காட்ட வேண்டாம். ஆறு கடந்தபோது போகாத தண்ணீரை அது உள்ளே அனுப்பிவிடும். தோட்டக் குழாயும் ஒரு பழைய பிரஷ்ஷும் போதும்.

ஆயிரம் கி.மீ. ஓடியதும் ஒருமுறை தூக்கி, அந்த வெள்ளைக் கோடுகளைப் பாருங்கள்.

பதிவு 19
லிம்சூகாங்_ராங்க்லர் · ஞாயிறு மாலை 6.40

ஜூன் பயணம் முடிந்து வந்துவிட்டோம். கடற்பாலத்தில் நெரிசல் என்று துவாஸ் வழியாகப் போனோம். முக்கால் டேங்க் பெட்ரோல், பின்னால் கூடாரம், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று முழு எடை. கோத்தா திங்கி பக்கம் தோட்டப் பாதையில் மழை பிடித்துக்கொண்டது, செம்மண் குழைந்து பம்பர்வரை ஏறியது. ஓர் ஓடையும் கடந்தோம், தண்ணீர் ஹப் அளவு.

இன்று உபியில் தூக்கிப் பார்த்தேன். ஓடியது 1,140 கி.மீ. எட்டு நட்டுகளிலும் வெள்ளைக் கோடு இழுத்த இடத்திலேயே நேராக நிற்கிறது: பால் ஜாயிண்ட்டின் நான்கு, டிராக் பாரின் இரண்டு, டை ராட்டின் இரண்டு. கடப்பாரையை நெம்பினேன், விரலுக்கு எதுவும் தட்டவில்லை. இடது கீழ் ஜாயிண்ட்டுக்கு ஐந்து அழுத்து கிரீஸ் போட்டேன். முதலில் பால் கலந்த காப்பி நிறத்தில் கொஞ்சம் வெளியே வந்தது, அது ஓடைத் தண்ணீர். பிறகு சுத்தமான நீல நிறம் வந்தது. துடைத்துவிட்டு இறக்கினேன்.

மலர் அக்கா, அடுத்த சனிக்கிழமை காலை உபியில்தான் இருப்பேன். ஜாக் ஸ்டாண்டும் கடப்பாரையும் அங்கேயே இருக்கின்றன, ஜிம்னியைக் கொண்டுவாருங்கள், கிங்பின்னைப் பார்த்துவிடுவோம்.